ஆறாவது முந்தக்கூடாது

புள்ளி சாரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்றால் நான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மெஷின்களுக்குக் குளிர் வேண்டும் என்பதால் எங்களுக்கும் குளிர். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேச்சுத் துணை இருந்தாலாவது பொழுது போகும். மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பார்.

புள்ளி என்பது நாங்கள் வைத்த பெயர். யூனிக்ஸ் என்கிற வகைக் கம்ப்யூட்டரில் அமைப்பு ஃபைல்களின் பெயர்கள் புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கினால், என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கும்போது மெஷின் அவற்றைக் காட்டாது. இருக்கும், வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியாது. அவரும் அப்படித்தான் இருந்தார். கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கிற பெண்களுக்கு அவருடைய நிஜப் பெயரே தெரியாது.

அந்த ஃபைல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து எங்களுக்கு ரத்தம் வரும். எண் போட்ட பரிசோதனை மெஷின்கள் அதைப் பார்த்து முடிவு சொல்லும். எல்லா முடிவுகளும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து டாக்டர்களுக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கும் முன் ஒரு புள்ளி ஃபைலைப் படிக்கும். எது முதலில், எது பிறகு, எது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹேஷ் குறி (#) போட்டுத் தொடங்குகிற வரிகளை மட்டும் மெஷின் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அவை மனிதர்களுக்கு. ஃபைலின் தலையில் அப்படி நாலு வரி எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர் பிழைத்துக்கொள்வார். இதை யார் படிப்பார்கள், எப்போது படிப்பார்கள், எங்கே கை வைக்கக்கூடாது, ஏன் கூடாது. அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டியது.

புள்ளி சார் எழுதிய தலைக்குறிப்புகள் வேறு ரகம். ஒரு ஃபைலின் தலையில், 'கீழே இருப்பது பொய். ஆனால் தேவை' என்று இருக்கும். இன்னொன்றில், 'செவ்வாய்க்கிழமைக்காரருக்கு இது பிடிக்காது'. முக்கியமான அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஃபைலில் இப்படி: 'ஆறாவது முந்தக்கூடாது. மழை நாளை மறக்காதே.' எந்த மழை நாள்? இங்கே வருஷத்தில் பாதி நாள் மழைதான்.

கேட்டால், "புரியறப்ப புரியும்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷினோடு கூடவே வருகிற தயார் ஃபைல்களின் தலைக்குறிப்பில் பாஷ் என்ற ஷெல்லின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்று என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். ஷெல் என்றால் நாம் தட்டுவதை வாங்கி மெஷினிடம் சொல்கிற இடைத்தரகர். ஒன்று என்றால் முதல் பதிப்பு போலிருக்கிறது, இரண்டாவது எங்கே என்று நான் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தேன். அது கையேட்டின் முதல் பாகத்தைப் பார் என்பதற்கான குறி. முகம் தெரியாத யாரோ இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் தேடியபோதெல்லாம் புள்ளி சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கோபம் வெகு காலம் ஆறவில்லை.

ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "சார், நாளைக்கு நீங்க பஸ்ல அடிபட்டுட்டா நான் இதையெல்லாம் வச்சுகிட்டு என்ன செய்றது?"

"அதனாலதாம்மா டிரைவருங்க எல்லாம் என்னைப் பாத்தா மெதுவா ஓட்டறாங்க" என்றார். அவர் அடித்து நான் கேட்ட ஒரே ஜோக் அது.

பஸ் வரவில்லை. காய்ச்சல் வந்தது. தலை வலிக்கிறது என்று மேஜைமேல் தலையை வைத்தவர், நான் எழுப்பியபோது என்னைப் பார்த்து யாருடைய பெயரையோ சொன்னார். ஆம்புலன்ஸில் ஏற்றினோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அவருடைய ரத்தம் எங்களிடமே வந்தது. அவர் எழுதிவைத்த வரிகளின் வழியாகவே அதன் முடிவும் வெளியே போனது. திரையில் அதை நான்தான் பார்த்தேன். அதுவரை அவரைத் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

உயிர் பிழைத்தார். நடந்தார், பேசினார், சாப்பிட்டார். ஆனால் கடைசிப் பதினைந்து வருஷம் போல அவருக்குள்ளிருந்து துடைத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முந்தியது எல்லாம் பத்திரமாக இருந்தது. படித்தது, கற்றது, கல்யாணம், மனைவி, பழைய வீடு. எங்கள் கூடத்துக்கு அவர் வந்ததே அந்தப் பதினைந்துக்குள்தான். நானும் அதற்குள்தான். அவருடைய மகள் அவர் நினைவில் இன்னும் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஓடிவந்து கட்டிலருகே நின்ற பெண்ணைப் பார்த்து, "உட்காருங்க, நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாராம். அப்பா தன்னை 'நீங்க' என்றதுதான் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை என்று பிறகு அவள் அம்மா சொன்னார்.

இதற்கிடையில் எங்கள் கூடத்துக்குப் புது மேலாளர் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம், கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பச்சைக் குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டர்கள் அவரைப் போனில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மெஷின் அவர்களுடையது. அதன் முடிவுகள் மட்டும் எப்போதும் தாமதமாகவே வருகின்றன, ஏன்?

எதனால் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது. அந்தத் தலைக்குறிப்புக்குக் கீழே ஒரு வரி இருந்தது. ஆறாவது மெஷினின் முடிவைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பிறகு விடுகிற வரி. அதை எடுத்துவிட்டால் தாமதம் போய்விடும். எடுத்தால் வேறு என்ன ஆகும்? ஒரு குழந்தையின் முடிவு இன்னொரு குழந்தையின் பெயரில் போனால்? மழை நாளில் நடந்தது அதுவாக இருந்தால்? பழைய பதிவுகளைப் புரட்டினேன், பழைய ஆட்களைக் கேட்டேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

புள்ளி சாருக்கு நீட்டிக்கொண்டே போன விடுப்பும் அப்போது முடிந்துபோனது. உடம்பு வேலைக்குத் தகுதி, மற்றதை அலுவலகம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் வரட்டும். ஃபைலைக் காட்டுவோம். அந்த ஆறாவது விஷயம் என்னன்னு அவர் சொல்லிட்டா போதும், நான் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன். சொல்ல முடியலேன்னா என்னால எதுவும் பண்ண முடியாது."

நியாயமாகத்தான் இருந்தது. கேள்வித்தாளை முன்கூட்டியே கசியவிட்டு உதவலாம் என்றால், பதில் உலகத்திலேயே ஒரே ஒரு தலைக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலையிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். கதவில் வெளிப்பக்கம் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. யாரும் இல்லை போலிருக்கிறது என்று திரும்பும்போது அவர் மனைவி படியேறி வந்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, "உள்ளதாம்மா இருக்கார்" என்றார்.

நான் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. அக்கா தானாகவே சொன்னார். ஒருநாள் அவர் தனியாக வெளியே போயிருக்கிறார். திரும்பும்போது கால் பழைய வீட்டுக்கு நடந்துவிட்டது. அந்தக் கதவில் இந்த வீட்டுச் சாவியைப் போட்டு மாற்றி மாற்றித் திருகியிருக்கிறார். திருடன் என்று நாலு பேர் சேர்ந்து கை வைத்துவிட்டார்கள். அடித்தவர்களிடமும், "என் வீடுதாங்க, என் வீடுதாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து இந்தப் பூட்டு.

"காலையில பூட்டிட்டு இறங்கறப்ப உள்ளேர்ந்து 'சரி, பாத்துப் போய்ட்டு வா'ன்னு குரல் குடுப்பார். திட்டினாக்கூடத் தேவலை. வேலைக்குத் திரும்பிட்டார்னா பகல் பூரா நாலு பேரோட இருப்பார். எனக்குப் பூட்ட வேண்டியிருக்காது. அவ்வளவுதாம்மா நான் கேக்கறது."

உள்ளே அவர் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க, வாங்க. மன்னிச்சுக்கணும், எனக்குப் பழகினவங்க யாருன்னு தெரியறதில்லை. நீங்க என்கூட வேலை பாக்கறவங்களா?" எங்கள் அறையில் அத்தனை வருஷமாக நான் கேட்டிராத மரியாதை அது. நாற்காலியை என் பக்கம் தள்ளிப் போட்டார்.

"இதைப் பாருங்களேன், எனக்கு முன்னாடி இந்த வீட்ல எவனோ ஒரு கிறுக்கன் இருந்திருக்கான்" என்றார்.

போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. 'ஃபேன். இங்கே அல்ல.' 'சமையல். பொய்.' 'இதைத் தொட்டவர் அடுத்ததையும் தொடவும்.' இப்படி எழுதுகிற ஆளை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அக்கா அவருக்குப் பின்னால் நின்றபடி எனக்கு வேண்டாம் என்று கை காட்டினார்.

சமையலறைக்குள் போனதும் சொன்னார். "முதல்ல உண்மையைச் சொன்னேம்மா. நீங்கதாங்க எழுதினீங்கன்னேன். நான் இப்படி எழுத மாட்டேன், எனக்குப் புத்தி சரியில்லன்னு கேலி பண்றியான்னு சொல்லிட்டுச் சாப்பிடாமப் படுத்துட்டார். அப்புறம் அந்தப் பக்கமே நான் போகல. முன்னாடி குடியிருந்தவங்க எழுதினதுன்னு சொல்லிட்டேன்."

"அவர் எப்பவுமே இப்படித்தானே அக்கா?"

அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இல்லம்மா. அதுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனியில இருந்தார். அங்க ஒவ்வொண்ணுக்கும் மேல பக்கம் பக்கமா எழுதி வைப்பாராம். சின்னக் குழந்தைகூடப் படிச்சுப் புரிஞ்சுக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்களாம். ஒருநாள் கூப்பிட்டு வேலை இல்லன்னுட்டாங்க. என்ன காரணம்னு கேட்டிருக்கார். நீங்க எழுதி வச்சிருக்கறதே ரொம்பத் தெளிவா இருக்கு சார், அதை வச்சு வேற யாரா இருந்தாலும் பாத்துப்பாங்கன்னு சிரிச்சுகிட்டே சொன்னாங்களாம். வீட்டுக்கு வந்து அவரும் அதைச் சிரிச்சுகிட்டேதான் சொன்னார். அப்புறம் எதையுமே அவர் ஒழுங்கா எழுதல. உப்பு டப்பாவுல என்ன எழுதியிருக்கார் பாரு."

பார்த்தேன். 'சர்க்கரை அல்ல' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையிலிருந்து அவரைத் தூக்கியதும் துடைத்துக்கொண்டு போன அந்தப் பதினைந்துக்குள்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடத்தில் இருக்கிற ஃபைல்களை எழுதியவர் இந்த வீட்டில் இல்லை. இங்கே நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர் அதற்கு முந்தைய ஆள்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்கேயும் அவர் எழுதினதுதான்னு யாரும் சொல்லிட வேண்டாம்மா. படபடன்னு ஆயிடுவார். சும்மா காட்டுங்க. அவர் கைப்பட எழுதினதாச்சே, கண்ணுல பட்டா தானா ஞாபகம் வந்துடும்." மேலாளரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

அந்த நாள் காலையில் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலைக்காக ஏதோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாராம். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஸ்வெட்டர் இல்லை, எங்கள் அறை குளிரும் என்பது அவருக்குத் தெரியாதே. அக்கா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பையைத் திறந்து காட்டினார். அந்தப் பெரிய பூட்டு உள்ளே கிடந்தது. "கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். நல்லபடியா முடிஞ்சா போற வழியிலேயே பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்னு" என்றார். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேலாளர், புள்ளி சார், நான் மூன்று பேரும் உள்ளே போனோம்.

மேலாளர் எடுத்தவுடனே அதைக் கேட்கவில்லை. முதலில் ஒரு தயார் ஃபைலைத் திரையில் காட்டி, இதன் தலைக்குறிப்பு என்ன சொல்கிறது என்றார். லாகின் ஷெல் படிக்கும் ஃபைல் இது, பக்கத்தில் இன்ன பெயரில் வேறொரு ஃபைல் இருந்தால் பாஷ் இதைப் படிக்காது என்று அதில் இருந்தது.

புள்ளி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டது. "இது நல்ல குறிப்புங்க. கொஞ்சம் சுருக்கமா இருக்கு, அவ்வளவுதான். ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. வாசல் வழியா வர்ற ஆளுக்கு ஒரு ஃபைல். அதுதான் லாகின். ஏற்கெனவே உள்ள இருக்கற ஆள் இன்னொரு அறைக் கதவைத் திறந்தா, அதுக்கு வேற ஃபைல். ஆனா வாசல்லயே இன்னொருத்தர் அதே வேலைக்கு வந்து உட்கார்ந்துட்டா, ஷெல் அவரைத்தான் கேக்கும், பழைய ஆளைத் திரும்பிக்கூடப் பாக்காது. பழைய ஆள் அங்கேயேதான் இருப்பார். அவர்கிட்ட எழுதியிருக்கறது எதுவும் நடக்காது. நிறையப் பேர் புது ஃபைலைப் போட்டுட்டு, பழசு ஏன் வேலை செய்யலன்னு முழிப்பாங்க."

நான் அதுவரை அப்படித் தெளிவாகக் கேட்டதே இல்லை. "இந்த அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணு?" என்று என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

என் பக்கம் திரும்பினார். "கையேட்டுல முதல் பாகம்னு அர்த்தம்மா. இதை யாரும் யாருக்கும் சொல்றதில்ல. புதுசா வர்றவங்க பாவம், பதிப்புன்னு நினைச்சுகிட்டு இரண்டைத் தேடுவாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்தது. மேலாளர் முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது. நடந்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையோடுதான் ஆறாவது மெஷினின் ஃபைலை அச்செடுத்த தாளை நானே அவரிடம் நீட்டினேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "கீழ இருக்கற வரி புரியுது. ஆறாவதோட முடிவைப் பிடிச்சு நிறுத்தி, அப்புறமா விடுது. எப்படின்னு ஷெல்லுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஏன்னு மேல இருக்கற குறிப்புதான் சொல்லணும். அது சொல்லல." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "இது என்ன மழை நாள்?"

"அதைத்தாங்க நாங்க உங்ககிட்ட கேக்கறோம்" என்றார் மேலாளர்.

"இதை யார் எழுதினாங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார். "முன்னாடி இருந்தவர்" என்றேன்.

"ஆறாவது யாரோட மெஷின்?"

"பச்சைக் குழந்தைங்க வார்டு."

அவர் முகம் சிவந்தது. அத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "குழந்தைங்க விஷயத்துல ஒருத்தன் இப்படி எழுதுவானா? தெரியாம எழுதினதுன்னு நினைக்காதீங்க. தெரிஞ்சேதான் எழுதியிருக்கான். எழுத்தைப் பாத்தாலே தெரியுது, நல்லா எழுதத் தெரிஞ்ச ஆள். பயந்திருக்கான். தெளிவா எழுதிட்டா தன்னைத் தூக்கிடுவாங்கன்னு பயந்து, பூட்டிட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டுல போட்டுகிட்டான். நாளைக்கு அவனுக்கே ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குழந்தைங்க என்ன பண்ணும்?"

எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

"நீங்களா இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு மழையில என்ன நடந்தது, எந்தக் குழந்தைக்கு நடந்தது, அதனால இதை ஏன் நிறுத்தி வச்சேன், எப்ப எடுக்கலாம். நாலு வரிங்க. என்ன சிரமம் அதுல?" தாளை மேஜைமேல் வைத்து, மறுபடி கையில் எடுத்தார். "அவன் இன்னும் இங்க வேலைல இருக்கானா?"

"விடுப்புல இருக்கார்."

"அப்படியே அனுப்பிடுங்க. நான் சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் இப்படிப்பட்டவனைத் திரும்ப உள்ள விடாதீங்க."

மேலாளர் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். வெளியே உட்காருங்கள், வருகிறோம் என்றார். அவர் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே அக்காவிடம் போனார். கதவு சாத்தியதும் நான் மேலாளரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பழைய ஆள் வேண்டாம், இவர்தான் வேண்டும், இவர் ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லா ஃபைலையும் மனிதர் படிக்கிற மாதிரி செய்துவிடுவார் என்று சண்டை பிடித்தேன்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றார் அவர். "ஆனா தான் எழுதினதே அவருக்குத் தெரியல. இது ஒண்ணு. இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கோ. நாளைக்கு அதுல ஒண்ணுல கை வச்சு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா, ஞாபகம் இல்லாதவரைத் தெரிஞ்சே உட்கார வச்சேன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? முடியாதும்மா."

"அப்ப அந்த வரி?"

"அது இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம்."

ஆக, அந்த வரிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எழுதியவருக்குத்தான் இல்லை.

நான் வெளியே வந்தேன். சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்து அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டப் போனவர் மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பூட்டு உள்ளே நகர்ந்து சத்தம் போட்டது. அழவில்லை. எழுந்து அவருடைய காலரைச் சரிசெய்தார்.

அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். என்னைப் பார்த்து, "நல்ல இடம்ங்க, நல்ல ஆளுங்க. கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்தார். "இதைப் பாரேன். நம்ம வீட்டு ஸ்விட்ச் போர்டுல எழுதி வச்சிருக்கானே, அதே மாதிரி ஒரு ஆள் இங்கேயும் இருந்திருக்கான். அதே கிறுக்கு."

அக்கா தாளை வாங்கிப் படித்தார். ஒரே ஒரு வரிதான் அதில் படிப்பதற்கு இருந்தது. வெகு நேரம் படித்தார். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் பூட்டின்மேல் வைத்தார்.

"ஒருவேளை அவனேதானோ என்னமோ" என்று சிரித்தார் அவர். "நம்ம வீட்ல இருந்தவன் இப்ப எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார் அக்கா. "அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. எங்க போறேன்னு சொல்லல."